எண்ணுவது யார், கையெழுத்துப் போடுவது யார்?

(மகளிர் நாளையொட்டிப் புதுக்கோட்டையில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். மேடைப் பேச்சு மேடைப் பேச்சாகவே இருக்கட்டும் என்று அதிகம் கை வைக்கவில்லை.)

விழாத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே! வரவேற்புரையில் என் வீட்டுக்காரருக்கே தெரியாத பெருமைகளையெல்லாம் என் தலையில் ஏற்றிவிட்ட பேராசிரியர் அவர்களே! எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து, கடைசிவரை இருப்பேன் என்றும் வாக்குக் கொடுத்திருக்கிற நகர்மன்ற உறுப்பினர் அவர்களே! இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த வர்த்தகர் சங்கப் பெரியவர் அவர்களே! அவருக்கு ஒருமுறை நன்றாகக் கைதட்டிவிடுங்கள், மின்விசிறியும் அவர் கணக்குத்தான்.

அப்புறம், மேடையை அலங்கரிக்கும் மூன்று பெரியவர்கள். கோயில் அறங்காவலர் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பள்ளிவாசல் ஜமாஅத் செயலாளர் பாய் அவர்களே! மூவரையும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ‘மதமும் பெண் உரிமையும்’ என்று என்னிடம் தலைப்பைக் கொடுத்த விழாக் குழுவுக்கு உண்மையிலேயே துணிச்சல் அதிகம். பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. பூசாரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்று நம்முடைய பாட்டிமார் சொல்லிவைத்தார்களே, அந்தப் பூசாரி. அவர் எல்லா மதத்திலும் இருக்கிறார்.

மூன்று செய்தி குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று சொத்து, இரண்டு வழிபாடு, மூன்று திருமணம்.

சொத்திலிருந்து தொடங்குகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியே தலை நரைத்தவள் நான், எதைப் பார்த்தாலும் வரவு செலவாகத்தான் தெரியும். இந்த ஊர்ப் பெண் ஒருவரிடமிருந்தே தொடங்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர். அவர் தாயார் இசைவேளாளர் குலத்தவர். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் இவர் சேரப்போனபோது எழுந்த எதிர்ப்பு உங்களுக்குத் தெரியும். தேவதாசி முறையை ஒழித்தவர் என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரி வரும். ஆனால் அவர் முதலில் கைவைத்தது எங்கே என்று பாடத்தில் வராது. நிலத்தில் கைவைத்தார். பெண் குழந்தைக்குப் பொட்டுக் கட்டினால்தான் கோயில் மானிய நிலம் அந்தக் குடும்பத்தின் அனுபவத்தில் இருக்கும். இந்தத் தலைமுறையில் ஒரு பெண்ணைக் கோயிலுக்கு விடவில்லையென்றால் நிலம் போய்விடும். வயிற்றுப்பாட்டை வைத்துத்தான் அந்தக் கயிறு முறுக்கப்பட்டிருந்தது. 1929இல் அவர் முயற்சியால் வந்த சட்டத் திருத்தம் அந்த மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து பிரித்தது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் பெண்ணிடமே இருக்கலாம் என்றது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. நடுவில் 18 வருடம்! அதுவரை சாஸ்திரம் பேசியவர்கள், கலை அழிந்துவிடும் என்று அழுதவர்கள், எல்லாரும் வரிசையாக வந்தார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மாதிரி அந்தக் கொடுமையை அனுபவித்தவர்களே தெருவில் இறங்கிப் பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது.

அதே 1929இல்தான் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்ற சட்டம் 1989இல் வந்தது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் 60 வருடம். அதிலும், அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு, 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் வரும்வரை கிடையாது. அன்று என் அக்காவுக்குக் கிடையாது, என் தங்கைக்கு உண்டு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்!

பங்குத்தந்தை சிரிக்கிறார். ஃபாதர், உங்கள் பக்கமும் வருகிறேன். கேரளத்தில், பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில், 1916ஆம் வருடக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் ஒன்று இருந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. எது அதிகமோ அது இல்லை, எது குறைவோ அது! கணக்குப் பிள்ளையாக இருந்த எனக்கே இப்படி ஒரு கணக்கு எழுதத் தோன்றியிருக்காது. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதை உடைத்தார். சர்ச் வட்டாரத்திலேயே அவருக்குக் கடும் எதிர்ப்பு. குடும்பங்கள் பிரிந்துவிடும், வழக்குகள் பெருகிவிடும் என்றார்கள். இயேசு பெருமான் எந்த மலைப்பிரசங்கத்தில் மகளுக்கு 5,000 ரூபாய் என்றார்? அவர் சொல்லவில்லை. சாமி வரம் கொடுத்தாலும்... சொல்லுங்கள்... ஆமாம், பூசாரி இடம் கொடுக்கமாட்டான்!

பாய், அடுத்து நீங்கள். இந்தூரில் ஷா பானு என்று ஒரு அம்மா. 40 வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தி, ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். 1978இல் வக்கீல் கணவர் தலாக் சொல்லிவிட்டார். கீழ் நீதிமன்றம் மாதம் 25 ரூபாய் ஜீவனாம்சம் என்றது. உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக்கியது. இந்த 179 ரூபாய் 20 காசுக்காகத்தான் உச்ச நீதிமன்றம், அதன் 1985 தீர்ப்பு, நாடு முழுக்க ஊர்வலம், மதம் ஆபத்தில் என்ற முழக்கம், மறு வருடமே தீர்ப்பைத் தாண்டிப்போக ஒரு புதுச் சட்டம் எல்லாம். இத்தனைக்கும் விவாகரத்தான பெண்களுக்குக் கொடுத்து ஆதரியுங்கள் என்று குர்ஆனிலேயே வசனம் இருப்பதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கேட்டார்களா?

இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் மூவரையும் சமமாக நடத்திவிட்டேன். இனி வழிபாடு.

சபரிமலை பற்றித் தொலைக்காட்சியில் தொண்டை வறளக் கேட்டுவிட்டீர்கள். 2018 தீர்ப்பு, 2019இல் பெரிய அமர்வுக்குப் போனது, போதும், நான் அங்கே போகவில்லை. என் அப்பத்தா ஊருக்கு வாருங்கள்.

வறண்ட ஊர். ஊருக்கு நடுவில் ஒரு வேம்பு, வேம்புக்கடியில் மாரியம்மன். பூசாரிக்கு ஆண் பிள்ளை கிடையாது, ஒரே பெண். பால் குடிக்கிற வயதிலிருந்தே அப்பன் மடியில் உட்கார்ந்து பூசை பார்த்தவள். எந்தக் கிழமைக்கு என்ன நிறப் புடவை, அபிஷேகத்தில் எதற்கு அப்புறம் எது, சந்தனக்காப்புக்குச் சந்தனத்தை எவ்வளவு தளர்த்திக் குழைப்பது, எல்லாம் அத்துப்படி. பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் சம்பந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். பூசாரி ஏணியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார்!

ஊர்க் கூட்டம் போட்டார்கள். பெண் செய்யட்டுமே என்று ஒருவர் சொன்னார். சொன்னவரை எல்லாரும் பார்த்த பார்வையில் அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். தீட்டு, ஐதீகம், மழை பெய்யாது. இரண்டு வருடமாக அங்கே மழையே இல்லை, அது வேறு விஷயம். கடைசியில் பக்கத்து டவுனிலிருந்து ஒரு பூசாரியை, பஸ் சார்ஜ், தட்சிணை, இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் பேசிக் கூட்டிவந்தார்கள். அவர் பிள்ளையார் கோயில்காரர். வேட்டி கட்டுகிற சாமிதான் அவருக்குப் பழக்கம். எங்கள் அம்மனுக்குப் புடவை கட்ட வேண்டும், அதுவும் கண்டாங்கி!

மேளம் வாசிக்கிறான், வாசிக்கிறான், திரை விலகவே இல்லை. உள்ளே மனிதர் வியர்த்துக் கொட்டுகிறார். முந்தானை நிற்கவில்லை, கொசுவம் பிரிந்து பிரிந்து விழுகிறது. அப்போது வெளியே கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற பூசாரி மகள் மெதுவாகச் சொல்கிறாள்: “மாமா, கொசுவத்தைப் பின்னால விட்டுச் சொருகுங்க. இடுப்புக் கயிறு பீடத்துக்குப் பின்னாடி இருக்கு.” அவர் செய்கிறார். “இப்ப முந்தானையை வலத்தோள்ல போடுங்க, இடத்தோள்ல சூலம் தட்டும்.” அவர் செய்கிறார். அப்புறம் சந்தனம். “இன்னும் கொஞ்சம் பன்னீர் விடுங்க, இல்லேன்னா வெடிச்சிரும்.” ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. மூன்று நாள் திருவிழாவும் இப்படியே. குரல் வெளியே, கை உள்ளே. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை, சர்வ அலங்காரத்தோடு அழகாகத்தான் இருந்தாள்.

கடைசி நாள் தட்சிணைத் தட்டு வருகிறது. தேங்காய், வேட்டி, ரூபாய். டவுன் பூசாரி கை நீட்டுகிறார். என் அப்பத்தா எழுந்தாள். கூட்டத்தில் பேசியே பழக்கம் இல்லாத மனுஷி. “அய்யா சாமி, செஞ்சது நீ, சரி. சொல்லிச் சொல்லிச் செய்ய வச்சவளுக்குப் பாதியைக் குடுத்துட்டு எடு” என்றாள். ஒரு சத்தம் இல்லை. பெண்கள் பக்கமிருந்து முதலில் ஒரு குலவை வந்தது. அப்புறம் எல்லாரும் குலவை போட்டுவிட்டார்கள். அந்த மனிதரும் நல்லவர்தான், தட்டை அப்படியே பெண்ணிடம் நீட்டிவிட்டார். நாட்டாண்மைதான் நடுவில் புகுந்து, “வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல” என்று தட்டை வாங்கிக்கொண்டார். சாமி வரம் கொடுத்தது. டவுனிலிருந்து வந்த பூசாரியும் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் பழமொழியைத் திருத்தி நாட்டாண்மையையும் சேர்க்க வேண்டும் போலிருக்கிறது!

இது ஓர் ஊர்க் கதை என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். உசிலம்பட்டிப் பக்கத்தில் இப்படி ஒரு பூசாரி மகள், அப்பா இறந்தபின் பூசை செய்யும் உரிமை கேட்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கே போனார். பெண் தெய்வத்துக்குப் பெண் பூசை செய்யக்கூடாது என்பதிலுள்ள முரணைச் சுட்டிக்காட்டி, நீதிபதி சந்துரு அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2023 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். நல்ல சேதி. ஆனால் கணக்குக்காரி புத்தி விடாதே! அறுபத்து மூவரில் பெண்கள் மூன்று பேர், ஆழ்வார்கள் பன்னிருவரில் ஒருவர், அர்ச்சகர் படிப்பிலும் மூன்று. ஆயிரம் வருடமாக நம் எண்ணிக்கை மூன்றைத் தாண்ட மறுக்கிறது.

இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. பூசை செய்வது பெரிது, இல்லை என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிது, யார் பூசை செய்யலாம் என்று முடிவெடுக்கும் அறையில் உட்கார்ந்திருப்பது. உண்டியல் எண்ணுகிற நாளில் மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். ஜமுக்காளம் விரித்து, சில்லறையைக் கொட்டி, ஒரு ரூபாய் தனி, இரண்டு ரூபாய் தனி, ஐந்து தனி என்று பிரித்து அடுக்குவது பெண்கள். முடிந்த பிறகு பதிவேடு வரும். கையெழுத்துப் போட நாலு பேனா எழும், பெரும்பாலும் நாலும் சட்டைப் பையிலிருந்து எழும். புடவைக்குப் பை கிடையாது என்பதாலா? அறநிலையத் துறைச் சட்டத்தின் 47ஆவது பிரிவு, அறங்காவலர் குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. இருக்கிறார். ஆனால் பல ஊர்களில் அந்த அம்மாவுக்குப் பதிலாகக் கூட்டத்துக்கு வந்து உட்காருவது அவர் கணவர், கையெழுத்து மட்டும் வீட்டுக்குப் போய் வாங்கி வருவார்கள். ஐயா, உங்கள் கோயிலைச் சொல்லவில்லை. உங்கள் கோயிலைப் பற்றி எனக்குத் தெரியாது, அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன்.

ஜமாஅத்திலும் இதே கதைதான். பெண் கேட்கிற மணவிலக்கான குலா, ஆண் சொல்கிற தலாக், மணமகன் கொடுக்க வேண்டிய மணக்கொடையான மஹர் என்று பெண்ணின் வழக்கையெல்லாம் அவள் நுழையவே முடியாத இடத்தில் ஆண்களே உட்கார்ந்து தீர்ப்பார்கள். அதற்கு மாற்றாகத்தான் இதே புதுக்கோட்டையில் ஷரீபா கானம் முஸ்லிம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தை உருவாக்கினார். இந்தியா முழுக்க இந்த ஊர் பெயரைச் சொல்லவைத்த காரியம் அது. இந்த ஊரில் ஒரு தெருவுக்கு அதன் பெயரை வைத்தோமா? வைக்கவில்லை. தென்னிந்தியத் திருச்சபை 2013இல் ஒரு பெண்ணையே பேராயராக்கியது. கத்தோலிக்கத் திருச்சபையில் இன்றும் ஒரு பெண் குருவாக முடியாது. ஃபாதர் தலையசைக்கிறார், எதற்கு அசைக்கிறார் என்று அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

விழாக் குழுத் தம்பி மணியைக் காட்டுகிறார். திருமணம் பற்றிப் பேசுகிறேன் என்றேன், நேரமில்லை. சுயமரியாதைத் திருமணம், பூசாரி இல்லாத கல்யாணம், அதைப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். இன்னொரு கூட்டம் போடுங்கள், வருகிறேன்.

இப்போது நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய மனுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மனு இருக்கிறது. ஒன்று அரசுக்கு: அறங்காவலர் குழுவில் ஒரு பெண் என்பதைப் பாதிப் பேர் என்று மாற்ற வேண்டும், பெண் உறுப்பினர் நேரில் வராத கூட்டத்தின் தீர்மானம் செல்லக்கூடாது, உண்டியல் பதிவேட்டில் எண்ணிய பெண்களில் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். இன்னொன்று ஜமாஅத்துகளுக்கும் சபைகளுக்கும்: பெண்ணின் வழக்கு வரும்போதாவது பெண்கள் உட்கார்ந்து கேட்கட்டும். மேடையிலுள்ள மூன்று பெரியவர்களுக்கும் தாளை இங்கேயே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

மற்றவர்கள் வாசல் பக்க மேசைக்குப் போங்கள். பெயரோடு கிராமம், அஞ்சல், வட்டம் மூன்றையும் எழுதுங்கள். பாதி முகவரியோடு போன மனுவை ஓர் அலுவலகம் திருப்பியே அனுப்பிவிட்டது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மை டப்பா இருக்கிறது, வெட்கப்பட வேண்டாம். மகளிர் குழுத் தலைவிகள் ஆளுக்கு ஒரு கட்டுத் தாள் ஊருக்கு எடுத்துப்போங்கள், மாதக் கூட்டத்தில் நிரப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.