காபி ஊற்றத் தெரியாத கொள்ளைக்காரன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வீட்டில் சீரியலை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"அமெரிக்க மேற்கின் காதல் கதைகளை நடத்துவது கொள்ளைக்காரனின் துணிச்சலா, பண்ணை வாரிசுப் பெண்ணின் சாமர்த்தியமா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் பத்து நிமிடம் பேசினார். அதில் எட்டு நிமிடம் குதிரைதான் ஓடியது. மீதி இரண்டு நிமிடத்தில் அவர் சொன்னது இதுதான்: தலைக்கு விலை வைக்கப்பட்டவன் வருகிறான், ஜன்னலோரம் நின்ற பணக்கார வீட்டுப் பெண்ணைத் தூக்கிக் குதிரையில் வைக்கிறான், அவள் போகிறாள். உதாரணத்துக்கு சன்டான்ஸ் கிட் என்கிற கொள்ளைக்காரனையும் அவனுடைய காதலி எட்டா பிளேஸையும் காட்டினார்.

சரி, அவர் ஆட்களையே எடுத்துக்கொள்வோம். 1900இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில், புட்ச் காசிடி, சன்டான்ஸ் உட்பட ஐந்து கொள்ளைக்காரர்கள் புது சூட்டும் வட்டத் தொப்பியுமாக ஒரு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்கள். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைகள் மாதிரி ஜம்மென்று உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 'தேடப்படுபவர்' நோட்டீஸுக்குத் தேடப்படுபவரே காசு கொடுத்துப் படம் எடுத்துத் தந்த கதை அது. துணிச்சல்தான் ஐயா, யார் இல்லை என்றது?

எட்டாவும் 1901இல் நியூயார்க்கில் சன்டான்ஸோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். முகம் இன்றும் இருக்கிறது. பெயர்? பிளேஸ் என்பது சன்டான்ஸின் அம்மா பிறந்த வீட்டுப் பெயர். அர்ஜென்டினாவின் சோலிலாவில் அவளும் சன்டான்ஸும் புட்சும் பண்ணை வைத்துப் பிழைத்தது வரை தெரியும். ஆனால் அவள் யார் பெற்ற பெண், கடைசியில் எங்கே போனாள் என்பதை எந்தத் துப்பறிவாளரும் கண்டுபிடிக்கவில்லை. ஆண்கள் இருவருடைய ஜாதகமும் போலீஸ் கோப்பில் கிடக்க, அவள் மட்டும் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். (அங்கே ஏது முந்தானை என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுக்கிறார். கவுன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) பெயரே தெரியாதவளை எதிரணித் தலைவர் எப்படிப் பணக்கார வீட்டுப் பெண் ஆக்கினாரோ, அது அவருக்கே வெளிச்சம்.

நிஜமான வாரிசுப் பெண்ணை நான் காட்டுகிறேன். கொலராடோ, யூட்டா, வயோமிங் மூன்றும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பிரவுன்ஸ் பார்க் என்றொரு பள்ளத்தாக்கு. இந்த மாநில ஷெரிஃப் துரத்தினால் அந்த மாநிலத்துக்குள் குதிரையைத் தட்டிவிடலாம். அதனால் கொள்ளைக்காரர்களுக்கு அது மாமியார் வீடு. அங்கே ஒரு பண்ணை வைத்திருந்தது பாசெட் குடும்பம். வாரிசு என்றதும் வைர நெக்லஸை நினைக்காதீர்கள். மாடும் புல்லும் தண்ணீரும்தான் சொத்து. அப்பா ஹெர்ப் பாசெட் புத்தகப் பிரியர். கொள்ளைக்காரர்கள் அவரிடம் புத்தகம் இரவல் வாங்கிப் போவார்களாம். திருப்பியும் கொடுத்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். அந்த விஷயத்தில் நம் நண்பர்களைவிட அவர்கள் யோக்கியர்கள்.

1890களில் ஒரு தேங்க்ஸ்கிவிங் நாளில், அதாவது அமெரிக்கர்கள் நன்றி சொல்லி விருந்து உண்ணும் பண்டிகையன்று, இந்தக் கொள்ளைக்காரர்கள் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கெல்லாம் விருந்து வைத்தார்கள். பரிமாறும் பொறுப்பு புட்ச் காசிடி கோஷ்டிக்கு. வங்கியையும் சம்பளப் பணத்தையும் கண் இமைக்காமல் கொள்ளையடிக்கிற மனிதனுக்கு, பெரிய விருந்தில் காபி ஊற்றச் சொன்னதும் உதறல் எடுத்துவிட்டது. எப்படி ஊற்றுவது என்று சமையலறையில் வைத்துப் பாடம் நடத்த வேண்டியிருந்ததாம். இதைப் பின்னாளில் எழுதி வைத்தவள் அந்த வீட்டு இளைய மகள் ஆன் பாசெட். புட்ச் சிறைக்குப் போனதுகூட ரயில் கொள்ளைக்காக இல்லை, ஐந்து டாலர் பெறுமானமுள்ள ஒரு குதிரைக்காக! இந்தத் துணிச்சலை நம்பித்தான் எதிரணி கதையை நடத்தப் போகிறதாம்.

ஆன் 1878இல் பிறந்தவள். பாஸ்டன் வரை போய்ப் படித்துவிட்டு வந்து, மறுபடி குதிரையேறியவள். அக்கம்பக்கத்துச் சிறு பண்ணைகளை விழுங்கப் பார்த்தவர் ஓரா ஹேலி என்கிற பெரிய மாட்டு முதலாளி. அவருடைய பண்ணைக்கு டூ பார் என்று பெயர். அந்தச் சண்டைக் காலத்தில், 1900இல், ஆனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மேட் ராஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த இடத்தில் மட்டும் நான் சிரிக்க வைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு ஆன் அழுதுகொண்டு ஜன்னலோரம் நிற்கவில்லை. ஹேலியின் மாடுகளைத் தன் எல்லைக்குள் விடாமல் விரட்டினாள். மாடு திருடியதாக அவள்மேல் வழக்கு வந்தது. 1911இல் ஜூரிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. 1913இல் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு. பத்திரிகைகள் அவளுக்கு 'மாட்டுத் திருடர்களின் ராணி' என்று பட்டமே கொடுத்தன. நடுவர் அவர்களே, கொள்ளைக்காரன் ஒரு பக்கம், வாரிசுப் பெண் ஒரு பக்கம் என்று நீங்கள் தலைப்பைப் பிரித்துக் கொடுத்தீர்கள். இவள் இரண்டு நாற்காலியிலும் தானே உட்கார்ந்துவிட்டாள்.

காதல் எங்கே என்கிறீர்களா? அந்த வழக்குகளுக்கு முன்னாலேயே அது நடந்துவிட்டது. ஹேலியின் டூ பார் பண்ணையில் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்ட மேலாள் ஹை பெர்னார்ட். எதிரியின் வலது கை. ஆன் அவரையே கல்யாணம் செய்துகொண்டாள்! துப்பாக்கி வெடிக்கவில்லை, யாரும் யாரையும் குதிரையில் தூக்கி வைக்கவில்லை.

மணி அடிக்கிறது, தெரிகிறது ஐயா, ஒரே நிமிடம். கல்யாணச் செய்தி கேட்ட ஹேலி என்ன செய்தார் தெரியுமா? மாப்பிள்ளையை வேலையைவிட்டு நீக்கினார். மாப்பிள்ளை மாமியார் வீட்டுப் பள்ளத்தாக்குக்கே குடிவந்தார். எதிரணித் தலைவரே, இப்போது சொல்லுங்கள், தூக்கிக்கொண்டு போனது யார், யாரை?