தாடை வலிக்கு ஒரே காரணம் தேடாதீர்கள்

வணக்கம். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இந்த நொடியில் உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். உதடு மூடியிருக்கலாம், தப்பில்லை. ஆனால் சும்மா இருக்கும்போது பற்களுக்கு நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் பல்லும் பல்லும் தொடுகிற நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்கூட வராது. நம்மில் பலர் காலை பத்து மணி மீட்டிங் முடிவதற்குள்ளேயே அந்தக் கணக்கைத் தாண்டிவிடுகிறோம், அதுவும் நமக்கே தெரியாமல்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால் ஒன்று அசைவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் உருண்டை முனை மண்டையோட்டில் உள்ள ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது, நடுவில் நாரால் ஆன சின்னத் தட்டு. வாயை அகலத் திறக்கும்போது அந்த முனை சுழல்வதோடு முன்பக்கமாகச் சறுக்கவும் செய்கிறது, அதுவும் வலது இடது இரண்டும் சேர்ந்து. தட்டு கொஞ்சம் விலகியிருந்தால் 'டக்' என்று சத்தம் வரும். வலி இல்லாத வெறும் சத்தத்துக்குப் பயப்படவேண்டாம். நிறைய பேருக்கு இருக்கிறது, பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது. கவனிக்கவேண்டியது வலியையும், வாய் திறக்க முடியாமல் போவதையும்தான். அந்த வலியும் தாடையோடு நிற்பதில்லை. காதுக்குள் குத்தும், நெற்றிப்பொட்டில் தலைவலியாக இறங்கும், கடைவாய்ப் பல்லில் சொத்தை மாதிரி வலிக்கும். ஆகவே காது டாக்டர், பல் டாக்டர், தலைக்கு ஒரு ஸ்கேன் என்று மாதக்கணக்கில் அலைந்த பிறகுதான் பலருக்கும் இப்படி ஒரு மூட்டு இருப்பதே தெரியவருகிறது.

பல் மேல் பழி போடும் வழக்கம் பழையது. 1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், கடைவாய்ப் பற்கள் போனவர்களுக்குத் தாடை இடம் மாறுவதால்தான் இந்தக் காது வலியும் தலைவலியும் வருகின்றன என்று எழுதினார். அவர் சொன்ன விளக்கம் நிற்கவில்லை, ஆனால் 'பல் சரியாகச் சேரவில்லை, அதனால்தான் வலி' என்ற எண்ணம் மட்டும் நின்றுவிட்டது. அதை நம்பிப் பல்லைத் தேய்த்துக்கொண்டவர்கள், பிடுங்கிக்கொண்டவர்கள், கம்பி கட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். 2006-இல் அமெரிக்காவில் 'ஆப்பெரா' என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். தாடை வலியே இல்லாத, 18 முதல் 44 வயது வரையிலான சுமார் 2,700 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பேருக்குப் புதிதாக வந்தது. யாருக்கு வந்தது என்று பார்த்தால், ஏற்கெனவே தலைவலி, முதுகுவலி என்று வேறு வலிகள் இருந்தவர்கள், பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், சரியாகத் தூங்காதவர்கள். அதிலும் தூக்கம் முதலில் கெடுகிறது, தாடை வலி அதற்குப் பிறகு வருகிறது. எனக்கு அந்த ஆய்வில் மிக முக்கியமாகப் பட்டது அந்த வரிசைதான்.

இதை நம் சென்னைக்குக் கொண்டுவாருங்கள். ஓ.எம்.ஆர். பக்கம் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை கேபில் வீடு வந்து, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி, வெளிச்சத்திலும் சத்தத்திலும் நாலு மணி நேரம் தூங்கி, மறுபடி ஹெட்செட் மாட்டி, கோபமாகப் பேசுகிறவரிடம் குரல் உயராமல் பதில் சொல்லி, திரையை உற்றுப் பார்த்தபடி பல்லை இறுக்கியே எட்டு மணி நேரம். இதில் எதை ஒன்றைக் காரணம் என்பீர்கள்? இந்த வலிக்குச் சிகிச்சை தேடி வருகிறவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், அதுவும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில்தான் அதிகம். ஹார்மோன், வலியை உணரும் விதம் என்று உடல் சார்ந்த காரணங்கள் பேசப்படுகின்றன, இருக்கட்டும். ஆனால் இரண்டு வேலை பார்க்கிற உடம்புக்கு எப்போது ஓய்வு என்ற கேள்வியையும் கேட்டே ஆகவேண்டும்.

அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். வண்ணாரப்பேட்டையில் தையல் வேலை பார்க்கிறவர் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். கண்டக்டர் விசிலைப் பல்லில் கவ்வியபடியே டிக்கெட் கொடுக்கிறார். ஆணியை வாயில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் தச்சர், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கணக்கு எழுதும் கடைக்காரர், பேனா மூடியை மென்றபடி பேப்பர் திருத்தும் ஆசிரியர், எல்லோருமே மெல்லுவதற்கு என்று இருக்கும் தசைக்கு வேறு வேலை கொடுக்கிறார்கள். அப்படிச் செய்கிற எல்லோருக்கும் வலி வந்துவிடாது. தூக்கமும் ஓய்வும் இல்லாதபோது அதே பழக்கம் தாங்கமுடியாததாகிவிடுகிறது. கூன் போட்டு உட்காருவதுதான் காரணம் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். ஆய்வுகள் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. கழுத்து வலியும் தாடை வலியும் சேர்ந்தே வருவது மட்டும் உண்மை.

தூக்கத்தில் குழந்தை பல்லை நறநறவென்று கடித்தால் வயிற்றில் பூச்சி என்பார்கள் நம் பாட்டிமார், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பெரியவர்களுக்கு வேறு விஷயங்களைப் பார்க்கவேண்டும்: புகை, மது, அளவுக்கு மீறிய காபி, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், போதும்.

அப்புறம், 'எல்லாம் டென்ஷன்தான் அம்மா, மனசை லேசா வெச்சுக்கோங்க' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்களே, அது எனக்கு மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. மன அழுத்தம் தசையை இறுக்குகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, வலியைக் கூட்டுகிறது, எல்லாம் சரி. அதற்காக வலி கற்பனை ஆகிவிடாது.

என்ன செய்யலாம்? உதடு சேர்ந்து, பல் பிரிந்து, நாக்கு மேலண்ணத்தில் லேசாகப் படிந்து இருக்கவேண்டும், இதுதான் முதல் பாடம். கணினி ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுங்கள், கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பிரித்துவிடுங்கள். வலி இருக்கும் நாட்களில் முறுக்கு, சீடை, கரும்பு, சூயிங்கம் வேண்டாம்; ரசம் சாதமும் இட்லியும் போதும். கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், கொட்டாவி வரும்போது தாடையைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதலும், தாடைக்கான பயிற்சிகளையும் வலியைக் கையாள உதவும் மனநலச் சிகிச்சையையும்தான் முன்னால் வைக்கிறது. திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத சிகிச்சைகள் வேண்டாம் என்கிறது. எனவே யாராவது முதல் நாளே நல்ல பல்லைத் தேய்க்கவேண்டும், பிடுங்கவேண்டும் என்றால் அவசரப்படாமல் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

சிலவற்றுக்கு மட்டும் காத்திருக்கக்கூடாது. நடக்கும்போதோ படியேறும்போதோ தாடை வலித்து, நெஞ்சிலும் அழுத்தினால் அது இதயமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும், மெல்லும்போது தாடை வலியும், பார்வை மங்கலும் வந்தால் அன்றைக்கே காட்டவேண்டும். பாக்கு, குட்கா, ஹான்ஸ் போடுகிறவர்களுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கமுடியாமல் போனால் அது தாடை மூட்டுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். கன்னத்தின் உள்தோல் நார் நாராக இறுகும் நோய் அது, புற்றுநோய்க்கும் வழிவிடும். மற்றபடி, உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றாலோ, சில வாரங்களாகியும் வலி குறையவில்லை என்றாலோ, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே முத்துசாமி சாலையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1953-இலிருந்து இயங்கும் இடம், அங்கே போகலாம். போகும்போது பல்லைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், என்ன ஷிஃப்ட், வேறு எங்கே வலிக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.