ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்க

நேயர்களுக்கு வணக்கம். பொழுது சீக்கிரமே இருட்டிவிடும் மாதங்கள் வந்தால் எனக்குப் பேய்க்கதை வேண்டும். அதையும் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தகம் வானமெங்கும் பரவி வெயிலை மங்க வைத்ததில், மறு ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜூனில் குளிர், விடாத மழை. ஜெனீவா ஏரிக்கரை வீடொன்றில் கவிஞர் பைரனும் நண்பர்களும் அடைந்து கிடந்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? ஜெர்மானியப் பேய்க்கதைகளை எடுத்து உரக்க வாசித்தார்கள். ஆமாம், உரக்க! அப்புறம் பைரன், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார். அங்கிருந்தவர்களில் ஒருவரான, பின்னாளில் மேரி ஷெல்லி என்று எழுத்தாளராக அறியப்பட்ட மேரிக்கு வயது 18. கதை கிடைத்ததா என்று காலைதோறும் கேட்பார்களாம். இல்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சம். கடைசியில், தூக்கம் வராத ஓர் இரவில் அவர் மனக்கண்ணில் எழுந்த உருவம்தான் 1818இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலாக வந்தது. அதே கூட்டத்தில் இருந்த மருத்துவர் பொலிடோரியின் ரத்தக்காட்டேரிக் கதை 1819இல் அச்சேறியது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

சரி, குரலுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? அச்சில் படிக்கும்போது கண் முந்திக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடும். காது அப்படிப் போக முடியாது. வாசிப்பவர் நிறுத்தினால் நாமும் அங்கேயே நிற்க வேண்டும். “கதவு திறந்தது” என்று வாசித்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்திப் பாருங்கள். உள்ளே நிற்பது யாரென்று கேட்பவரே முடிவுசெய்துவிடுவார். உருவத்தைத் தலை முதல் கால்வரை வர்ணித்துவிட்டால் பயம் போய்விடும். கேம்பிரிட்ஜ் அறிஞர் எம். ஆர். ஜேம்ஸ் இதை நன்றாக அறிந்தவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டவே பல கதைகளை எழுதினார். அவருடைய பேய் ஓரிரு வரிகளுக்குள் தட்டுப்பட்டு மறைந்துவிடும்.

அந்தக் காலத்து ஜப்பானியர்கள் நூறு விளக்கேற்றி வைத்துப் பேய்க்கதை சொல்வார்கள், கதைக்கு ஒன்றாக அணைத்துக்கொண்டே போவார்கள். அதை விரிவாகச் சொல்ல ஆசை, ஆனால் நேரமாகிவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: அரை மணிக்குள் முடிகிற கதையாக எடுங்கள், முன்கூட்டியே ஒருமுறை வாசித்துப் பழகுங்கள், சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு தொடங்குங்கள். வணக்கம்.