காகம் உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்ததும்
(வாசகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

விழாத் தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் ஹட்டனிலிருந்து வந்திருக்கும் அதிபர் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த கோயில் பரிபாலன சபையினரே, பொன்னாடை போர்த்திய தம்பிமாரே, காலையில் பெரட்டுக்குப் போய், அந்திக் கொழுந்தையும் நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மாரே, வணக்கம். பேர் விட்டுப்போன பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். போன வருஷம் ஒருவர் பேர் விட்டுப்போய், தீபாவளி வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை.

புள்ளிவிபரவியலில் மூன்று விஷயம் சொல்ல வந்தேன். ஒன்று, பார்த்து அறிவது. இரண்டு, செய்து பார்த்து அறிவது. மூன்று, எத்தனை பேரைப் பார்த்தால் போதும் என்பது. என்னிடம் படித்தவர்களுக்கு நான் எங்கே ஆரம்பிப்பேன் என்று தெரியும். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நம்முடைய மலையில் பனை கிடையாது, காகத்துக்குக் குறைவில்லை. ஆகவே பழம் எங்கே விழுந்தாலும் நாம் காகத்தைத்தான் பிடிக்கிறோம்.

என் அப்பாயி லயத்துக்குப் பின்னால் போஞ்சி போட்டிருந்தார். குசினிக் கதவோரப் பாத்திக்கு அடுப்புச் சாம்பலைக் கொட்டுவார். அது கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். சவுக்கு மரத்தடிப் பாத்தி சாம்பலைக் கண்டதே இல்லை. அதில் நாலு காய் நரம்பாய்த் தொங்கும். "பார்த்தியா, சாம்பலோட மகிமை!" என்பார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. பீலியில் பாத்திரம் கழுவிய தண்ணீர் கதவோரப் பாத்திக்குத்தான் ஓடுகிறது, வெயிலும் அங்கேதான் விழுகிறது, மரத்தடியில் இரண்டும் இல்லை என்பது என் கண்ணில் பட்டது. காய்க்க வைத்தது சாம்பலா, தண்ணீரா, வெயிலா? இருந்ததை இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தால் நூறு வருஷம் பார்த்தாலும் பிரியாது. மூன்றும் ஒரே பாத்தியில் கைகோத்து நிற்கின்றன. இதுதான் அவதானிப்பு ஆய்வின் சங்கடம்.

அதனால் வெட்ட வெளியில் எட்டுச் சின்னப் பாத்தி வெட்டினேன். பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளைச் சோடி சேர்த்தேன். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு இருபத்தைந்து சதக் காசைச் சுண்டி, தலை விழுந்தால் இடப்பக்கத்துக்குச் சாம்பல், பூ விழுந்தால் வலப்பக்கத்துக்கு. எந்தப் பாத்திக்குச் சாம்பல் என்பதை என் ஆசையும் தீர்மானிக்கவில்லை, அப்பாயியின் ஆசையும் தீர்மானிக்கவில்லை. "சாமிக்குப் பூப்போட்டுக் கேக்குற மாதிரி போஞ்சிக்குக் காசு சுண்டுறான் பாரு" என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். மூன்றாவது வாரம் விடிகாலையில் போய்ப் பார்க்கிறேன். எட்டுப் பாத்தியிலும் சாம்பல்! கேட்டால், "அந்த நாலும் என்னடா பாவம் செஞ்சிச்சு? பக்கத்துல திங்க, இதுங்க பாத்துக்கிட்டு நிக்குதுங்களே!"

என் முதல் பரிசோதனை அப்படி முடிந்தது. சிரிக்கிறீர்கள். ஆனால் அப்பாயி கேட்ட கேள்வி லேசானதில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

காசு சுண்டுவதை விஞ்ஞானமாக்கியவர் பிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளிவிபரவியலாளர். 1919இல் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்துக்கு வேலைக்குப் போனவர். அங்கே ஒரு பெண் விஞ்ஞானி, பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்வேன் என்றார். கொழுந்து பறிப்பது நாம், வாதம் அவர்களுக்கு! பிஷர் சண்டை பிடிக்கவில்லை. எட்டுக் கோப்பை, நாலு இப்படி, நாலு அப்படி, எழுமாறாக, அதாவது காசு சுண்டினாற்போல் யார் ஆசையும் கலக்காமல், வரிசை மாற்றி நீட்டுவது. எட்டில் நாலைத் தெரிந்தெடுக்க 70 வழி உண்டு. ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் சொன்னால் எட்டும் சரியாக வர 70இல் ஒரு வாய்ப்புத்தான். 1935இல் வந்த அவருடைய நூலில் இந்தக் கோப்பைகள் இருக்கின்றன. இந்தப் பரிசோதனை முறைதான் உரத்துக்கும் கவ்வாத்துக்கும். மலைச்சரிவில் மேலே மண் ஒரு மாதிரி, ஓடையோரம் இன்னொரு மாதிரி. ஆகவே சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எல்லா உரத்தையும் எழுமாறாகப் போட்டுப் பார்க்க வேண்டும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் தொழிற்சாலையோடு திரும்பாமல், சோதனைப் பாத்திகளைப் பற்றியும் கேட்டுவிட்டு வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் காசு சுண்ட முடியுமா? நீ புகை பிடி, நீ பிடிக்காதே என்று மனிதரைப் பிரிக்க முடியாது. டோல், ஹில் என்ற இரண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் 1951இல் பிரித்தானிய வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதி, யார் யார் புகைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். அது பார்த்து அறிந்ததுதான். பலரும் பல இடத்தில் பார்த்து, ஒளிந்திருக்கக்கூடிய மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துத்தான், நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று புகையைப் பிடித்தார்கள். சுங்கான் பிடித்த பிஷர் கடைசிவரை அதை ஏற்கவில்லை. காகத்தின் மேல் பழி போடாதீர்கள் என்று அவ்வளவு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு, வாயிலிருந்த புகை கண்ணை மறைத்துவிட்டது என்பது என் எண்ணம். அந்த ஹில்தான், 1948இல் வெளியான காசநோய் மருந்துப் பரிசோதனையில் நோயாளிகளை எழுமாறாகப் பிரித்தவர். தேவைக்கேற்ற கருவியை எடுத்தார்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு உயர்தரக் கணிதப் பிரிவு கேட்டு நான் ஏறி இறங்கிய ஒரு அலுவலகத்தில், ஒரு ஐயா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கள் மாஸ்டர், உங்கள் பக்கம் கணிதம் படிக்கிற பிள்ளையே இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது ஓடாது." எண்ணிக்கை சரி. நானும் எண்ணினேன். ஆனால் கணிதம் ஓடுகிற பிள்ளை சாதாரண தரம் முடிந்த மறுநாளே கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் ஏறிவிடுகிறது. பஸ் காசில்லாத பிள்ளை கலைப் பிரிவில் உட்காருகிறது. ஆசிரியர் இல்லாததால் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாததால் ஆசிரியர் இல்லையாம்! காகம் உட்கார்ந்தது, பழம் விழுந்தது, பதிவேட்டில் கையெழுத்தும் விழுந்தது.

நான் கேட்பது செய்து பார்ப்பது. சனிக்கிழமைக் கணித வகுப்பு, சாதாரண தரப் பிள்ளைகளுக்கு, 40 இடம். இரண்டு ஆசிரியர்கள் சம்பளமின்றி வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 40க்கு மேல் விண்ணப்பம் வந்தால் கெட்டிக்காரரைப் பொறுக்கக் கூடாது. பொறுக்கினால், அவன் ஏற்கனவே கெட்டிக்காரன்தானே என்பார் அந்த ஐயா. கோயிலில் திருவுளச் சீட்டுப் போடுகிற மாதிரி, எல்லார் முன்னாலும் ஒரு குழந்தை சீட்டு எடுக்கட்டும். இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒரே பரீட்சையில் ஒப்பிட்டுக் கொண்டுபோய்க் காட்டுவேன்.

அப்பாயி இருந்தால், சீட்டு விழாத பிள்ளை என்ன பாவம் செய்தது என்பார். அதனால் முதலிலேயே சொல்கிறேன்: சீட்டு எடுப்பது பத்தாம் வகுப்பிலேயே. விழாத பிள்ளைக்கு, ஒப்பீட்டுப் பரீட்சை முடிந்த மறு சனிக்கிழமையே வகுப்பு. சாதாரண தரத்துக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கும். இடையில் யாரும் இரக்கப்பட்டு இரவில் சாம்பல் போட்டுவிடாதீர்கள்.

தலைவர் துண்டு அனுப்பியிருக்கிறார். மூன்றாவது விஷயம் அடுத்த வருஷத்துக்கு. விண்ணப்பத் தாள் தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனை நூலில் கட்டியிருக்கிறேன், போன தடவை இரண்டு காணாமல் போய்விட்டது. வணக்கம்.