டிவிக்கும் செட்-டாப் பாக்ஸுக்கும் ஒரே ரிமோட்: டிடிஎச் ரிமோட்டுக்குச் சொல்லிக் கொடுப்பது எப்படி?

[திரையில்: டீப்பாய் மேல் இரண்டு ரிமோட்டுகள்]

வணக்கம். டிடிஎச் இணைப்பு உள்ள வீட்டில் டிவி ரிமோட்டுக்கு அதிக வேலை இல்லை. டிவியை ஆன் செய்ய, ஆஃப் செய்ய, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, அவ்வளவுதான். மற்றதெல்லாம் செட்-டாப் பாக்ஸ் ரிமோட் பார்த்துக்கொள்கிறது. நாலு பட்டனுக்காக இன்னொரு ரிமோட்டை சோபா இடுக்கில் தேடுவானேன்? அந்த நாலையும் பாக்ஸ் ரிமோட்டுக்கே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

உங்கள் டிடிஎச் ரிமோட்டைக் கையில் எடுங்கள். 'டிவி' என்று தனியாகப் பிரித்து, அதில் பவர், ஏவி (படம் எந்த இணைப்பிலிருந்து வர வேண்டும் என்று மாற்றுவது), வால்யூம் பட்டன்களும், பக்கத்தில் 'செட்' என்று ஒரு சின்னப் பட்டனும் இருக்கிறதா? இருந்தால் அநேகமாக அது கற்றுக்கொள்ளும் ரிமோட். அப்படி எதுவும் இல்லையென்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் பாக்ஸுக்குப் பொருந்தும் 'செட்' பட்டன் ரிமோட்டைக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

[திரையில்: ரிமோட்டின் தலைப்பக்கம், நெருக்கத்தில்]

ரிமோட்டின் தலையில் இருக்கிறதே, இந்தக் குட்டி பல்பு, இது அகச்சிவப்பு ஒளியை விடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டை அதற்கு நேராகக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். வெளிர் ஊதாவில் மினுக்குவது தெரியும். பல ரிமோட்டுகளில் இது நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கும். அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்புவதில்தான் செய்தி இருக்கிறது. உதாரணத்துக்கு, நிறைய டிவிகள் பின்பற்றும் என்இசி முறையில் முதலில் 9 மில்லி நொடி துடிப்பு, அடுத்து 4.5 மில்லி நொடி இடைவெளி, பிறகு 32 பிட் செய்தி, அதாவது வரிசையாக 32 பூஜ்ஜியமோ ஒன்றோ. இதை அப்படியே பதிந்து வைத்துத் திருப்பி ஒப்பிப்பதுதான் கற்றுக்கொள்ளும் ரிமோட்டின் வேலை. பழைய யோசனைதான். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், 1987-லேயே 'கோர்' என்ற பெயரில் இப்படி ஒரு ரிமோட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

சரி, வேலைக்கு வருவோம்.

[திரையில்: மேஜையில் இரண்டு ரிமோட்டுகள், தலையோடு தலை]

இரண்டு ரிமோட்டையும் தலைக்குத் தலை நேராக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஒன்று தடிமனாக இருந்தால் மற்றதற்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். இரண்டிலும் நல்ல செல் இருக்கட்டும். டியூப் லைட்டுக்கு நேர் கீழேயோ, வெயில் அடிக்கும் ஜன்னல் ஓரத்திலோ செய்யாதீர்கள். அவற்றிலிருந்தும் அகச்சிவப்பு வருவதால் பதிவு குழம்பிப்போகும்.

டிடிஎச் ரிமோட்டில் 'செட்' பட்டனைச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும் வரை அழுத்திப் பிடித்து விடுங்கள். பிறகு அதிலேயே டிவி பவர் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். விளக்கு மினுக்கத் தொடங்கும். அப்போது டிவி ரிமோட்டின் பவர் பட்டனை அழுத்துங்கள். விளக்கு இரண்டு மூன்று தடவை வேகமாக மினுக்கினால் பதிவாகிவிட்டது என்று அர்த்தம். இதேபோல வால்யூம் இரண்டு, மியூட், ஏவி. எல்லாம் முடிந்ததும் 'செட்'டை இன்னொரு முறை அழுத்தினால் வெளியே வந்துவிடும். பெரும்பாலும் முறை இதுதான். மாடலுக்கு மாடல் சின்ன வித்தியாசம் இருக்கும், ரிமோட்டோடு வந்த தாளையும் ஒரு தடவை பாருங்கள்.

ஏவி பட்டனை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிலர் அதைச் சோர்ஸ் என்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் கை தவறி அதை அழுத்தி, திரையில் 'நோ சிக்னல்' வந்து, "டிவி ரிப்பேர்ப்பா" என்று உங்களுக்குப் போன் வரும்போது இந்த ஒரு பட்டன்தான் கைகொடுக்கும்.

பதிவான மாதிரி விளக்கு மினுக்கியும் டிவி அசையவில்லையா? டிவி ரிமோட்டை முன்கூட்டியே அழுத்திப் பிடித்திருப்பீர்கள். என்இசி முறையில் முழுச் செய்தி முதல் தடவை மட்டும்தான் போகும். பட்டனை விடாமல் பிடித்திருந்தால், அடுத்தடுத்து 'முன்பு சொன்னதேதான்' என்கிற குட்டிக் குறிப்பு மட்டுமே போகும். டிடிஎச் ரிமோட் அந்தக் குறிப்பைப் பதிந்துகொண்டால் பிரயோஜனம் இல்லை. விளக்கு மினுக்க ஆரம்பித்த பிறகே அழுத்துங்கள்.

இன்னொரு கோளாறு வேடிக்கையானது. டிவி ஆஃப் ஆகும், ஆனால் அதே பட்டனில் மறுபடி ஆன் ஆகாது. பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி5 முறையில், ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் செய்தியில் ஒரு பிட் மாறும். இது புது அழுத்தமா, பழையதன் தொடர்ச்சியா என்று டிவி அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. பதிந்து ஒப்பிக்கும் ரிமோட்டில் அந்த பிட் மாறாது. நடுவில் வேறொரு டிவி பட்டனைத் தட்டிவிட்டு அழுத்திப் பாருங்கள், சில டிவிகள் மசியும்.

மைக் பட்டன் வைத்த ஸ்மார்ட் டிவி ரிமோட்டில் பல பட்டன்கள் புளூடூத்தில் வேலை செய்யும். அதைக் கற்றுக்கொள்ள இந்த ரிமோட்டால் முடியாது. செல்ஃபி கேமராவில் எந்தப் பட்டனுக்கு ஒளி தெரிகிறதோ அதை மட்டும் பதியலாம். பவர் பட்டன் பெரும்பாலும் தேறிவிடும். மற்றதற்கு அதே டிவிக்கான சாதாரண ரிமோட் ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ சொல்லிக் கொடுக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் பாக்ஸின் வால்யூமைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்துவிட்டு, டிவி வால்யூமில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டால் சத்தம் எங்கே குறைந்தது என்றே பிடிபடாது. டிவி ரிமோட்டைத் தூக்கி எறிய வேண்டாம், பட அளவு, மெனு எல்லாம் அதில்தான். செல்லை மட்டும் கழற்றி வையுங்கள், ஒழுகி ஸ்பிரிங்கை அரித்துவிடும்.