கோயில் பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள்

அடுத்த கேள்வி கேரள எல்லையிலுள்ள பாறசாலையிலிருந்து. "அண்ணா, நாங்கள் இந்துக் குடும்பம். எல்லையோரக் கிராமங்களில் இருக்கும் பழைய கிறிஸ்தவக் கோயில்களைப் பார்க்க ஆசை. போனால் பாதி நேரம் பூட்டியிருக்கிறது. எங்களை உள்ளே விடுவார்களா? விட்டால் எதைப் பார்ப்பது?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தாராளமாக விடுவார்கள் தம்பி. சாவி கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் இருக்கும், உங்கள் பக்கம் அவரைக் கப்பியார் என்பார்கள். அவர் வீடு பெரும்பாலும் கோயிலை ஒட்டியே இருக்கும். எதிரில் உள்ள கடையில் கேட்டாலே கை காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால், கடைசிப் பூசை முடிந்த கையோடு போங்கள். கூட்டம் கலைந்திருக்கும், கதவு திறந்திருக்கும். செருப்பை வெளியே விடுங்கள், பீடத்தில் ஏறாதீர்கள், படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அவ்வளவுதான்.

சரி, எதைப் பார்ப்பது? முகப்பைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நம் பக்கம் முகப்பு அடிக்கடி மாறும், பெயின்ட் வருடா வருடம் மாறும். பக்கவாட்டுச் சுவரைப் பாருங்கள், பின்னால் நடந்து கல்லறைகளைப் பாருங்கள். பழசு அங்கேதான் இருக்கும். சில ஊர்களில் இடம் போதவில்லை என்று பழைய கோயிலையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம். பக்கத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டு பழையதை விட்டுவைக்கலாமே.

முதலில் குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் திருவிதாங்கோடு அரைப்பள்ளிக்குப் போங்கள், பள்ளி என்றால் இங்கே கிறிஸ்தவக் கோயில். வேணாட்டு அரசர்களின் பழைய தலைநகரம் அது. திருவிதாங்கூர் என்ற பெயரே அந்த ஊரிலிருந்து வந்தது. இயேசுவின் சீடரான தோமா அப்போஸ்தலர் நிறுவிய ஏழரைப் பள்ளிகளில், அதாவது ஏழு முழுப் பள்ளியும் ஓர் அரைப் பள்ளியும் என்ற கணக்கில், அந்த அரை இதுதான், கட்டியது கி.பி. 63 என்பது சபையின் மரபு. மரபை மரபாக எடுத்துக்கொள்ளுங்கள், கட்டடத்தைக் கண்ணால் பாருங்கள். வானத்தைத் தொடும் கோபுரம் கிடையாது. தாழ்வான, சின்னக் கருங்கல் கட்டடம். அந்தச் சுவரில் கையை வைத்து மெல்ல நடந்து வாருங்கள், கல்லைக் கல்லோடு எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவசரப்பட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அவசரப்படாதீர்கள். இன்றும் வழிபாடு நடக்கும் ஆர்த்தடாக்ஸ் பள்ளி அது. குர்பானா, அதாவது அவர்களுடைய பூசை நேரத்தில் போனால் வீட்டுப் பெண்கள் தலையில் முக்காடு போட்டுக்கொள்ளட்டும்.

அங்கிருந்து புலியூர்க்குறிச்சி. உதயகிரிக் கோட்டைக்குள் கூரையில்லாத ஒரு சிற்றாலயம் நிற்கிறது. அதற்குள் டிலனாயின் கல்லறை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி இவர், பிறகு அதே மன்னரின் படைக்குத் தளபதியானார், 1777-இல் இறந்தார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். தமிழ் வரிகளை எழுத்துக்கூட்டியாவது வாசித்துப் பாருங்கள். நட்டாலத்து நீலகண்ட பிள்ளைக்குக் கிறிஸ்தவத்தை எடுத்துச் சொன்னவரும் இவர்தான். அந்தப் பிள்ளைதான் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்தார்களே, அவரேதான்.

வடக்கன்குளம் நெல்லை மாவட்டம், இருந்தாலும் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலில் இரண்டு நீளக் கூடங்கள், பீடத்தருகே வந்து சேரும். ஒரு சாதிக்காரர் ஒரு கூடத்தில், மற்றவர் மற்றதில், நடுவே சுவர். 1910-இல் சுவரை எடுத்தார்கள், ஆனால் கட்டடத்தின் அமைப்பிலேயே அந்தப் பிரிவினை தெரியும். இதைப் பிள்ளைகளுக்கு நின்று விளக்கிச் சொல்லுங்கள். பெருமையை மட்டும் காட்டிவிட்டு இதை மறைத்தால் அது பாதிக் கதைதான்.

அரைப்பள்ளியும் உதயகிரியும் ஒரே நாளில் முடியும். களியக்காவிளையில் நாகர்கோவில் பஸ் ஏறித் தக்கலையில் இறங்குங்கள், இரண்டுமே அங்கிருந்து பக்கம். வடக்கன்குளத்தை இன்னொரு நாளுக்கு வைத்து ஆரல்வாய்மொழி வழியாகப் போங்கள். 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற காற்றாடிமலை அந்த வழியில்தான் இருக்கிறது.