செவிடனைத் திட்டினால் யாருக்குக் கேட்கும்?

நேயர்களுக்கு வணக்கம். பயம் என்றால் என்னவென்று கொழும்புத் தமிழருக்கு யாரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற காலம் எங்களில் பலருக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, 'கர்த்தருக்குப் பயந்திரு' என்று பிரசங்கத்தில் கேட்டாலும் மனம் அந்தச் சாவடிக்கே போய்விடுகிறது. துவக்கோடு நிற்கிற ஒருவராகக் கடவுளை நினைத்துக்கொள்கிறோம்.

வேதாகமத்தில் லேவியராகமம் என்ற புத்தகத்தின் 19ஆம் அதிகாரம் வேறொரு பயத்தைக் காட்டுகிறது. பரிசுத்தராயிருங்கள் என்று தொடங்குகிற அதிகாரம் அது. ஓய்வுநாளும் பலியும் அதில் வருகின்றனதான். ஆனால் வயலோரத்து விளைச்சலை ஏழைக்கு விடு, கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திராதே, தராசு சரியாக இருக்கட்டும் என்று பேச்சு வயலுக்கும் சந்தைக்கும் இறங்கிவிடுகிறது. புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்களுக்கு உடனே விளங்கும்.

14ஆம் வசனத்துக்கு வருவோம். செவிடனை நிந்திக்காதே, குருடன் முன்னே தடுக்கலை வைக்காதே, உன் தேவனுக்குப் பயந்திரு. (இந்தச் சொற்களை இன்று நாங்கள் பாவிப்பதில்லை, பழைய மொழிபெயர்ப்பில் அப்படித்தான் இருக்கிறது.) பயம் ஏன் அந்த இடத்தில் வருகிறது? திட்டியது செவிடனுக்குக் கேட்காது. கல்லை வைத்தது யாரென்று குருடனுக்குத் தெரியாது. சாட்சி இல்லை, வழக்கும் இல்லை. 25ஆம் அதிகாரத்திலும் இதே சொல் திரும்ப வருகிறது: ஏழையிடம் வட்டி வாங்காதே, வேலை செய்கிறவனைக் கொடூரமாக ஆளாதே, தேவனுக்குப் பயந்திரு. எதிரில் நிற்பவரால் எங்களை ஒன்றும் செய்ய முடியாத இடமாகப் பார்த்துத்தான் அந்தச் சொல் வருகிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பதுளைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா எங்கள் வீட்டில் சமைக்க வந்தார். கறி உப்பென்றால், சில்லறை குறைந்தால், அவர் முன்னாலேயே நானும் மனைவியும் ஆங்கிலத்தில் கதைப்போம். கதைத்தது நல்ல கதை அல்ல. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள்தான் நாங்கள்.

ஒருநாள் ஏதோ பேச்சில் சொன்னார், குவைத்தில் எட்டு வருடம் ஒரு வீட்டில் வேலை செய்தாராம். அந்த வீட்டில் ஆங்கிலம்தானாம்.

வெட்கத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் இரவில் படுத்திருக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது: அவருக்கு விளங்கியிருக்கிறது என்பதால் வந்த வெட்கம் இது. விளங்காதிருந்தால் வந்திருக்குமா?

காலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "தேத்தண்ணி ஊத்தவா ஐயா?" என்று மட்டும் கேட்டார்.